சீசன் என்று சொன்னால் போதும்

தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘சீசன்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மாம்பழமும் இல்லை, குற்றாலமும் இல்லை. ரயில் பாஸ்தான். மாதம் பிறந்தால் கவுண்டரில் வரிசையில் நின்று வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பர்ஸுக்குள் வைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன அட்டை. “சீசன் எடுத்துக்கிட்டியா?” என்று காலையில் அப்பா கேட்டால், அது கைவசம் இருக்கிறதா என்று அர்த்தம். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டிக்கெட் பரிசோதகரிடம் அதைக் காட்டக்கூட வேண்டாம். நடந்துகொண்டே “சீசன்” என்று சொன்னால் போதும், தலையை ஆட்டி விட்டுவிடுவார். எழுபதுகளின் தொடக்கத்தில், கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் நான் சொல்லும் எந்தச் சொல்லுக்கும் அவ்வளவு மதிப்பு கிடையாது.

ஆனால் அதே சொல்லை மற்றவர்கள் பயன்படுத்திய விதம் எனக்கு ஒரே குழப்பம். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வரும் மீன்கார அம்மாவிடம் எங்கள் அம்மா வஞ்சிரம் கேட்பார். “வஞ்சிரத்துக்கு எங்கம்மா போறது? சீசன் இல்ல. கடலு பேஜார் பண்ணிகினு கீது” என்பார் அவர். அப்பா புது அறைக்குப் போட்ட கதவு முதல் மழையிலேயே உப்பிக்கொண்டு மூட மறுத்தது. தச்சர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “மரம் சீசன் ஆகல சார்” என்றார். மரத்துக்கு எதற்குச் சீசன், அது எந்த ரயிலில் ஏறப்போகிறது என்று கேட்டேன். “அதிகப்பிரசங்கி” என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். மயிலாப்பூர்க்காரரான என் அதிகாரிக்கோ சீசன் என்றால் மார்கழிக் கச்சேரி மட்டும்தான். டிசம்பர் வந்தால் மனிதர் நாலு மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆபீஸில் யாரோ கொண்டுவந்த ஆங்கிலச் சமையல் குறிப்பில் கடைசியாக ‘சீசனிங்’ சேர்க்கவும் என்று போட்டிருந்தது. விசாரித்தால் உப்பும் மிளகுத்தூளும்தானாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு சொல் ஒரு வேலையைப் பார்க்கக் கூடாதா?

அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கில அகராதி இருந்தது. மார்கழியில் ஒருநாள், அவர் கச்சேரிக்குப் போன சாயங்காலம், அதை எடுத்துப் பிரித்தேன். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து வந்திருக்கிறது. லத்தீனில் அதற்கு விதைப்பு என்று பொருள். விதை தூவுவது, அவ்வளவுதான். விதைப்பு என்பது விதைக்கிற காலமாகி, பிறகு எதற்கும் ஏற்ற காலமாகி, ஆண்டின் பருவமாகி, கடைசியில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும் டிக்கெட்டாகவும் ஆகிவிட்டது. மரமும் உணவும் பக்குவப்படுவதும் அதே கிளைதான். இவ்வளவையும் படித்து முடித்தபோது முன்பைவிட அதிகமாகக் குழம்பியிருந்தேன். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் யார் எதை விதைக்கிறார்கள்?

மறுநாள் ரயிலில் பெண்கள் பெட்டியில் இதைச் சொன்னேன். எங்களில் மூத்தவரான மீனம்பாக்கம் அக்கா முகத்தைச் சுளித்தார். “விதைக்கிறதா? காலையில போறோம், சாயங்காலம் தலைவலியோட வர்றோம். இதுல என்னத்த விதைச்சோம், என்னத்த அறுத்தோம்?”

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷனில் தமிழில் ‘பருவச் சீட்டு’ என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பல்லாவரம் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். “எனக்குப் பருவம் போயி பதினஞ்சு வருஷமாச்சு. சீட்டுல மட்டும் இன்னும் கீது” என்றார். பெட்டியே சிரித்தது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் விழித்துக்கொண்டு, என்ன என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

மீனம்பாக்கம் அக்கா, பல்லாவரம் அக்கா என்று எழுதுகிறேன். பெயரை மறைப்பதற்காக இல்லை. எங்கள் பெட்டியில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். யார் எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார்களோ அதுதான் அவர்கள் பெயர். குரோம்பேட்டையில் ஏறும் டீச்சர் குரோம்பேட்டை அக்கா. நான் எல்லோருக்கும் இளையவள், அதனால் வெறும் தாம்பரம். “தாம்பரம், கொஞ்சம் தள்ளி உக்காரு”, “தாம்பரம் இன்னைக்குப் புதுப் புடவை” என்பார்கள். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. முதல் நாள் பெயர் கேட்க மறந்தாயிற்று. வருஷக்கணக்கில் பழகியபிறகு, “அக்கா, உங்க பேரு என்ன?” என்று எந்த முகத்தோடு கேட்பது?

பெயர்தான் தெரியாதே தவிர, மற்ற எல்லாம் தெரியும். அதிலும் பல்லாவரம் அக்கா வீட்டு விஷயம் எங்கள் வீட்டு விஷயத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எழும்பூரில் ஏதோ ஆபீஸில் அவருக்கு வேலை. கணவர் பல்லாவரத்திலேயே ஒரு பட்டறையில் இருந்தார். அக்கா ஏறி உட்கார்ந்ததும் கதை ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு ஆடு கொடியில் காய்ந்த அவருடைய ஆபீஸ் புடவையைத் தின்றதும், அது தெருப் பஞ்சாயத்து வரை போனதும் ஒரு வாரத்துக்கு வந்தது. கணவர் குளிக்கும்போது பாடுகிற இந்திப் பாட்டை, அர்த்தம் தெரியாமல் அவர் போடும் வார்த்தைகளோடு அப்படியே பாடிக்காட்டுவார். மாமியார் அரிசிப் பானைக்குள் வெல்லத்தை ஒளித்து வைத்து மத்தியானம் யாருக்கும் தெரியாமல் தின்பதைச் சொல்லுவார். “தீர்ந்துபோச்சுன்னா பாவம், கேக்கவும் முடியாது அதுக்கு. நான்தான் அப்பப்ப ரெண்டு கட்டி போட்டு வெப்பேன். தன்னால ஊறுதுன்னு நெனச்சிகினு கீது” என்பார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஒரு மே மாதம் அக்கா திடீரென்று வரவில்லை. மறுநாளும் இல்லை. பல்லாவரத்தில் ரயில் நின்றதும் நாங்கள் எட்டி எட்டிப் பார்ப்போம். ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மாங்காய் சீசன், ஊறுகாய் போட லீவு எடுத்திருப்பார் என்றேன் நான். கல்யாண சீசன், ஊருக்குப் போயிருப்பார் என்றார் குரோம்பேட்டை அக்கா. மீனம்பாக்கம் அக்கா குரலைத் தாழ்த்தி, “இது அம்மை சீசன். வீட்டுல யாருக்காவது அம்மை போட்டிருந்தா வெளியில சொல்லமாட்டாங்க” என்றார். ஒரே சொல் மூன்று பேரிடம் மூன்று விதமாகப் பேசியது. எதை நம்புவது என்று தெரியாமல் வாரம் ஓடிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு காலை. பல்லாவரத்தில் ஒரு தாவணிப் பெண் எங்கள் பெட்டிக்குள் அவசரமாக ஏறினாள். பதினாலு, பதினைந்து வயதிருக்கும். மூச்சு வாங்கியது. ஒரு பெயரைச் சொல்லி, “அவங்கள இங்க யாருக்காச்சும் தெரியுமாக்கா?” என்று பொதுவாகக் கேட்டாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “அப்படி யாரும் இந்தப் பெட்டியில வர்றதில்லையேம்மா” என்றார் குரோம்பேட்டை அக்கா. நானும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தப் பெண் இன்னொரு தடவை அதே பெயரைச் சொன்னாள். மறுபடியும் இல்லை என்றோம். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. விசில் ஊதியதும் குதித்து இறங்கிவிட்டாள்.

மீனம்பாக்கம் அக்கா ஏறியதும் நடந்ததைச் சொன்னோம்.

“எந்த ஸ்டேஷன்ல ஏறினா?”

“பல்லாவரம்.”

“அடிப்பாவிங்களா! நம்ம பல்லாவரத்துக்கு அவங்க அப்பா அம்மா ஒரு பேர் வச்சிருக்கமாட்டாங்களா?”

அந்தப் பெண்ணின் முன்பல் இடுக்கு அப்படியே அக்காவினுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, என்ன பெயர் சொன்னாள்? அங்கேதான் அடுத்த கூத்து. குரோம்பேட்டை அக்கா அது ஒரு பூவின் பெயர் என்றார். எனக்கு ஏதோ நதியின் பெயர் மாதிரி கேட்டது. ஜன்னலோரத்து அம்மாள், சாமி பெயர்தான், சத்தியம் பண்ணுவேன் என்றார். தெரியாதவருடைய பெயர் என்று நினைத்ததால் ஒருவரும் காதில் வாங்கவில்லை. அன்று ஆபீஸில் ஒரு பக்கத்தை மூன்று தடவை திருப்பி டைப் அடித்தேன். அக்காவுக்கு என்ன ஆகியிருக்கும், மகளை எதற்கு அனுப்பினார் என்றே மனம் அடித்துக்கொண்டது.

சாயங்காலம் பல்லாவரத்தில் இறங்கினேன். என் சீசனுக்கு அந்த வழியில் எந்த ஸ்டேஷனிலும் இறங்க உரிமை உண்டு. இருந்தும் அதுவரை இறங்கியதே இல்லை. வெளியே நின்ற சைக்கிள் ரிக்ஷாக்காரரிடம் போய், “பல்லாவரம் அக்கா வீடு எதுங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாம்மா, பல்லாவரத்துக்கு வந்து பல்லாவரத்தக் கேக்குற? இங்க எல்லாம் பல்லாவரந்தான்.”

எழும்பூரில் வேலை என்றேன். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை என்றார். பட்டறை என்றேன். எந்தப் பட்டறை என்றார். அழுகை வரும்போல ஆனபோதுதான் அந்த ஞாபகம் வந்தது. “ஒரு ஆடு ஆபீஸ் புடவையைத் தின்னுச்சே, அந்த வீடு?”

“அப்டி கேளு! அந்தப் பஞ்சாயத்துல ஆட்டப் புடிச்சிகினு நின்னதே நான்தான். ஏறு வண்டில.”

ஓட்டு வீடு. கதவைத் திறந்தது காலையில் வந்த அதே பெண். பின்னால் ஒரு கயிற்றுக் கட்டிலில் மாமியார். கணவர் பட்டறைச் சட்டையோடு நின்றிருந்தார். அக்கா அடுப்பங்கரை நிலைப்படியில் இருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் கண் வீங்கியிருந்தது.

“யாரும்மா நீ?” என்றார் கணவர்.

“நான் தாம்பரம்ங்க.”

“தாம்பரத்துல யாரு?”

“தாம்பரம்தாங்க. டிரெயின்ல.”

“அம்மா சொல்ற தாம்பரம் அக்காவா?” என்று அந்தப் பெண் கத்தினாள்.

விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருவாராம். மாமியார் பல நாள் அதைப் பார்த்திருக்கிறார். வேலைக்குப் போய்விட்டு வருகிற பொம்பளை சிரித்துக்கொண்டு வருவாளா, அவளை யாரோ சிரிக்க வைக்கிறான் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவை வெளியே விடவில்லை. டிரெயினில் பொம்பளைகளோடு பேசித்தான் சிரித்தேன் என்று அக்கா சொல்ல, அப்படியானால் அவர்களில் ஒருத்தி உன் பெயரைத் தெரியும் என்று சொல்லட்டும் என்று கணவர் பந்தயம் மாதிரி சொல்லிவிட்டார். அதற்குத்தான் மகள் வந்திருக்கிறாள், பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு.

“நானே பிளாட்பாரத்துல பொட்டி ஜன்னலாண்ட நின்னுகினு பாத்தேன்” என்றார் கணவர். “இத்தினி வருசமா கூட வராளாம். பேரு சொல்லிக் கேட்டா ஒருத்திக்கும் தெரியல. ஒரு பொண்ணு மண்டைய மண்டைய ஆட்டுச்சு, அது நீதானே? அவ இனிமே வேலைக்குப் போவ வாணாம்னு சொல்லிட்டேன்.”

அக்காவின் வேலையே என் தலையாட்டலில் போய்க்கொண்டிருந்தது.

“சரி, இப்ப சொல்லு. இவ பேரு இன்னா?”

அக்கா என்னைப் பார்த்தார். பூவா, நதியா, சாமியா? எதையாவது சொல்லித் தப்பாகப் போனால்? “தெரியாதுங்க” என்றேன்.

“கேட்டுக்கினியா?” என்றார் மாமியார் மகனிடம்.

அந்தக் ‘கேட்டுக்கினியா’தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பெயர் தெரியாவிட்டால் ஆளையே தெரியாதா? கணவரைப் பார்த்து வாயைத் திறந்தேன், மூடவில்லை. உங்களுக்குக் காமாலை வந்தபோது அக்கா பரங்கிமலை உச்சி வரைக்கும் செருப்பில்லாமல் ஏறிப்போய் வேண்டிக்கொண்டார் என்றேன். உங்களுக்குப் பெருங்காயம் ஆகாது என்பதால் அக்காவும் அதை விட்டுவிட்டார், ஆபீஸில் யாராவது சாம்பார் கொடுத்தால் மட்டும் ஆசையாகச் சாப்பிடுவார் என்றேன். மகள் கணக்கில் தோற்றதை உங்களிடம் சொல்லாமல் ஒரு மாதம் தவித்தார் என்றேன். கட்டில் பக்கம் திரும்பி, “பானைக்குள்ள இருக்கற வெல்லம் தானா ஊறல. தீரத் தீர அக்காதான் போட்டு வைக்கிறாங்க” என்றேன். மறுபடி கணவரிடம், நீங்கள் குளிக்கும்போது பாடுகிற பாட்டு எனக்கே மனப்பாடம் என்று சொல்லி, அவர் போடும் வார்த்தைகளோடு இரண்டு வரி பாடியும் காட்டிவிட்டேன்.

மாமியார் அரிசிப் பானை இருந்த மூலையைப் பார்த்தார்.

“அப்போ என்னப் பத்திப் பேசித்தான் எல்லாரும் சிரிப்பீங்களா?” என்றார் கணவர்.

“ஆமாங்க” என்றேன்.

முதலில் மகள்தான் களுக்கென்று சிரித்தாள். பிறகு அவரும் எங்கோ பார்த்துக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு வேலைக்குப் போவட்டும்” என்றார். எனக்கு மோர் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் ஒரே மூச்சில் குடித்தேன். அக்கா மட்டும் நிலைப்படியை விட்டு நகரவில்லை, சிரிக்கவும் இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா ஏறினார். பெட்டியே எழுந்து வழிவிட்டது. உட்கார்ந்ததும், “என் பேரைச் சொல்றேன், எல்லாரும் ஒரு தடவ சொல்லுங்க” என்று தன் பெயரைச் சொன்னார். பூவும் இல்லை, நதியும் இல்லை, சாமியும் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல ஒன்றாகச் சொன்னோம். பிறகு அவரவர் பெயரையும் சொல்லிக்கொண்டோம். பல வருஷப் பழக்கத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒருவருக்கொருவர் அறிமுகமானோம். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது.

அதன்பிறகு அக்கா ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எங்களோடுதான் உட்காருவார். வெயிலைப் பற்றிப் பேசுவார், ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசுவார். மீனம்பாக்கம் அக்கா, “மாமியார் எப்படி இருக்காங்க?” என்று தூண்டில் போட்டுப் பார்ப்பார். “நல்லா கீறாங்க” என்பதோடு முடிந்துவிடும். பாட்டு இல்லை, பானை இல்லை. வேலை பிழைத்துவிட்டது, சரி. அப்புறம் ஏன் இப்படி? நான் செய்தது உதவியா உபத்திரவமா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மற்றவர்கள் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “என் மேல கோவமாக்கா?” என்று கேட்டேன்.

“கோவம் இன்னாத்துக்கு? நீ வரலன்னா நான் வூட்டோட இருந்திருப்பேன்” என்றார். சாரல் அடிக்காமல் ஜன்னலை இறக்கிவிட்டார். “தெனம் நான் வூட்டுக்குள்ள கால வச்சதும் அவரு கேக்குறாரு. இன்னிக்கு இன்னா சொன்ன, வேற இன்னா சொன்னன்னு. கொழந்த தலைல அடிச்சி, ஒண்ணும் சொல்லலன்னு சத்தியம் பண்ண வேண்டிக்கீது. இங்க கத சொல்லிட்டு அங்க எப்டி சத்தியம் அடிக்கிறது?”

எழும்பூர் வந்தது. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.